கல் பன்னிரண்டு

“அவர்கூட ஒரே மேஜையில என்னால உட்கார முடியாது, மேடம்.”

விஜயராஜ் இவ்வளவு வெளிப்படையாகச் சொன்ன பிறகும் ஷீஜா மேடம் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

“ஏன், மேஜை சின்னதா இருக்கா?”

விஜயராஜுக்குச் சுர்ரென்று வந்தது.

அந்த ‘அவர்’, அவன் கூடப்பிறந்த அண்ணன் செந்தூர்வேல். துறைமுகத்தில் கடலின் ஆழம் அளக்கும் பிரிவில் அண்ணனுக்கு வேலை. மீன்வள ஆய்வுக்கூடத்தில் கடல் தண்ணீரின் சூடு, உப்பு, தெளிவு பார்ப்பது தம்பிக்கு வேலை. ஒரே கடலில்தான் இரண்டு பேர் படகும் போகும். எதிரெதிரே வந்துவிட்டால் ஆளுக்கொரு பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள்.

காரணம் பெரிதாக ஒன்றுமில்லை. புது வீட்டுப் பால்காய்ப்புக்கு அண்ணன் நேரில் வந்து அழைக்காமல் வாட்ஸ்அப்பில் பத்திரிகை அனுப்பினார். தம்பி போகவில்லை. அதோடு பேச்சு நின்றது. நான்கு வருஷம் ஓடிவிட்டது.

தூத்துக்குடியில் கடல் சம்பந்தப்பட்ட வேலையில் இருக்கிற அத்தனை பேருக்கும் தெரிந்த கதை. மேடத்துக்கும் தெரியும். தெரிந்தே கூப்பிட்டு உட்கார வைக்கிறாரே, இவருக்கு மனசு என்று ஒன்று இருக்கிறதா என்று உள்ளுக்குள் பொருமினான்.

மேடம் கடல் தகவல் மையத்தின் பொறுப்பாளர். ஒவ்வொரு அலுவலகமும் தனக்குத் தோன்றிய பெயரில் அளவுகளை எழுதி வைத்திருப்பதால், ஒருவர் எடுத்தது இன்னொருவருக்குப் புரிவதில்லை. இன்ன அளவுக்கு இன்ன பெயர், இன்ன அலகு என்று உலகம் முழுக்க ஒத்துக்கொண்ட பொதுச் சொற்கள் இருக்கின்றன. இரண்டு அலுவலகத்து அட்டவணைத் தலைப்புகளையும் அந்தச் சொற்களுக்கு மாற்ற வேண்டும். நாகப்பட்டினம், கொல்லம் அலுவலகங்களுக்கும் இதே வேலை இருந்தது.

“நீங்க ரெண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்தாத்தான் இந்த வேலை நடக்கும்,” என்று பேச்சை முடித்துவிட்டார் மேடம்.

மறுநாள் காலை அண்ணன் வந்து எதிர் நாற்காலியில் உட்கார்ந்தார். திரையில் இரண்டு அலுவலகத்து அட்டவணையும் பக்கத்துப் பக்கத்தில் விரிந்தன.

“மேடம், அவங்க ஆழம்னு போட்டிருக்கது எங்க இருந்து அளந்ததுன்னு கேளுங்க,” என்றான் விஜயராஜ்.

“கடல் ரொம்ப வத்துற மட்டத்துல இருந்துன்னு சொல்லுங்க மேடம். அவங்க எப்படியாம்?”

“நாங்க அன்னைக்கு இருக்க தண்ணி மட்டத்துல இருந்துன்னு சொல்லுங்க.”

கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் இருந்தவர்களுக்கு நடுவில் மேடம் பொறுமையாகத் தூது போனார். பிறகு ஃபோன் வருகிறது என்று எழுந்து வெளியே போனவர், போனவர்தான்.



அண்ணன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். ஓரிடத்தில் புருவம் சுருங்கியது. கேட்காமல் இருக்க முடியவில்லை போலும். சுவரைப் பார்த்துக் கேட்டார்.

“இந்தக் கல் பன்னிரண்டு எங்கன கிடக்கு?”

“எந்தக் கல்லு?” விஜயராஜும் சுவருக்குத்தான் பதில் சொன்னான்.

“முயல் தீவுக்குக் கிழக்க. உங்க ஃபைல்ல கல் பன்னிரண்டுன்னு இருக்குல்லா. போன வருஷம் உங்க ஆபீஸ்ல வாங்கிப் பார்த்ததுல இருந்து எங்க படகு அந்தப் பக்கமே போறதில்ல. பன்னிரண்டு பாறையில ஒண்ணுல இடிச்சாலும் படகு மிஞ்சாதே.”

விஜயராஜ் திரையைப் பார்த்தான். அண்ணனைப் பார்த்தான். உதட்டை இறுக்கிப் பிடித்தும் அடங்கவில்லை.

“அது கல்லு இல்லண்ணே. கலங்கல். தண்ணி எவ்வளவு கலங்கியிருக்குன்னு எடுத்த அளவு. எழுதச் சோம்பல்பட்டு, சுருக்கிக் கல்னு போட்டுட்டோம்.”

‘அண்ணே’ என்று வாயில் வந்துவிட்டதை இரண்டு பேருமே கவனித்தார்கள்.

“அப்ப அங்கன பாறையே கிடையாதா?”

“வெறும் மணலு.”

“ஏலே, ஒரு வருஷமாச் சுத்திச் சுத்திப் போயிட்டு இருக்கோம்லே.”

அண்ணனுக்கு முதலில் தோள்தான் குலுங்கியது. பிறகு மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு சிரித்தார். விஜயராஜ் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தான். நிறுத்தலாம் என்று பார்த்தால், ஒருவர் ‘கல்லு’ என்பார், மற்றவர் மறுபடியும் ஆரம்பிப்பார். பக்கத்து அறை ஜெபசெல்வி எட்டிப் பார்த்துவிட்டு, தப்பான அறைக்கு வந்துவிட்டோமோ என்று கதவிலிருந்த பலகையை ஒருமுறை படித்தாள்.

அதற்குப் பிறகு வேலை ஓடியது. கலங்கலுக்கு ஒரு பொதுச் சொல், உப்புக்கு ஒன்று, சூட்டுக்கு ஒன்று. ஆழத்துக்கு மட்டும் இரண்டு, ஏனென்றால் அண்ணன் அளந்ததும் தம்பி அளந்ததும் வேறு வேறு ஆழம். மத்தியானத்துக்குள் முடித்துவிட்டார்கள்.

அண்ணன் வீட்டுக்கு ஃபோன் போட்டார்.

“ஏளா, இன்னொரு ஆளுக்கும் சேர்த்துச் சோறு வையி. தம்பி வாரான்.”

“எந்தத் தம்பி?” சந்தனச்செல்வி மதினியின் குரல் வெளியே கேட்டது.

“எனக்கு எத்தனை தம்பி இருக்கான்?”

“வெறும் ரசமும் துவையலும்தான் வச்சிருக்கேன். மீன் வாங்கணும். மெதுவாக் கூட்டிட்டு வாங்க,” என்று மதினி சொன்னபோது குரல் உடைந்திருந்தது.

அண்ணன் வண்டியை எடுக்கப் போனார். விஜயராஜ் மேடத்திடம் சொல்லிக்கொள்ள அவர் அறைக்குள் எட்டிப் பார்த்தான். முந்தின நாள் மேடத்தின் மேல் இருந்த கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை.

“நாகப்பட்டினம் ஆட்களையும் கொல்லம் ஆட்களையும் எப்ப மேடம் சேர்த்து உட்கார வைக்கப் போறீங்க?”

“அவங்க வேலை போன மாசமே முடிஞ்சிருச்சே.”

“அப்படியா, எந்த ஊர்ல உட்கார்ந்தாங்க?”

மேடம் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்:

“அவங்க எதுக்கு உட்காரணும்? அவங்கவங்க ஊர்லயே மாத்தி மெயில்ல அனுப்பிட்டாங்க. ஆளை ஆள் பார்க்காமலே வேலை முடியணும்னுதானே விஜயராஜ், பொதுச் சொல்லே வச்சிருக்கு.”