ஆத்தா கேட்ட பம்பை

"சத்தத்தக் கண்ணால பாத்து நறுக்குறியே, அது இன்னா கத்திரிக்காயாடா?"

வேதகிரி இப்படிக் கேட்டபோது மகன் கார்த்திக் கம்ப்யூட்டர் திரையில் மேடும் பள்ளமுமாக ஓடிய பச்சைக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். அந்தக் கோடு முழுக்கப் பம்பை மேளத்தின் சத்தம். மாசித் திருவிழாவில் அவனே பதிவு செய்தது.

உத்திரமேரூர் வட்டாரத்தில் வேதகிரியின் அம்மன் பாட்டுக் குழுவுக்குத் தனி மரியாதை. ஆடி பிறந்துவிட்டால் பம்பைக்காரர் கிடைப்பது குதிரைக்கொம்பு. அதனால் மூன்று வருடத்துக்கு முன்பு சென்னைக்குப் போய்ப் பழைய சாம்ப்ளர் பெட்டி ஒன்றை வாங்கி வந்தார். பம்பைச் சத்தத்தைப் பதிந்து உள்ளே ஏற்றிவிட்டால் போதும், பொத்தானைத் தட்டும்போதெல்லாம் பம்பை முழங்கும். கார்த்திக்கோ, இந்த ஆடியில் பக்கத்து ஊரான பெருநகரின் திருவிழாவுக்குத் தன் கம்ப்யூட்டர் பம்பைதான் போகவேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றான்.

"எரைச்சலக் கொறைக்க என் பொட்டியில ஒரே ஒரு திருகு. கண்ண மூடிக்கினு திருகுவேன், எங்க நிக்கணுமோ அங்க நிக்கும்" என்றார் வேதகிரி.

"அந்தத் திருகு மொத்தத்தையும் மழுக்கிடுது நைனா. எரைச்சலோட சேந்து குச்சி அடியும் போயிடுது. இதுல கெட்டத மட்டும் தனியா வெட்டி எடுக்கலாம்."

"பேச்சு நல்லாத்தான் கீது. என் பொட்டிய இந்த வூட்ல மொத தபா தட்டுனப்ப இன்னா நடந்துச்சு? உங்கம்மா மேல ஆத்தா எறங்குனா. தெருவே பாத்துச்சு. உன் கம்ப்யூட்டருக்கும் எறங்கட்டும், பெருநகருக்கு நீயே எடுத்துக்கினு போ. எறங்கலன்னா திங்கக்கெழம ஸ்ரீபெரும்புதூர் கம்பெனி வேலைக்கு பஸ் ஏறு. இன்னா சொல்ற?"

கார்த்திக் அம்மாவைத் திரும்பிப் பார்த்தான். கோயிலில் பம்பை முழங்கினால் அம்மா பாஞ்சாலிக்கு அருள் வரும், அது ஊருக்கே தெரியும். ஆனால் வீட்டில் வந்தது அந்த ஒரே தடவைதான். இருந்தாலும் ரோஷம் விடவில்லை. "சரி நைனா" என்று சொல்லிவிட்டான்.

பாஞ்சாலி கூடத்தின் மறுகோடியில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கார்த்திக் ஸ்பீக்கரை அவள் பக்கம் திருப்பி, பம்பையை ஓடவிட்டான்.

பாஞ்சாலி நிமிர்ந்து பார்த்தாள். மறுபடி குனிந்துகொண்டாள். "கீரையில ஒரே மண்ணா கீது" என்றாள்.

வேதகிரி விழுந்து விழுந்து சிரித்தார். "தகர டப்பாவத் தட்டுன மாரி கீது, ஆத்தா எங்கேந்து வருவா? டீ குடிச்சிட்டு வரேன். அதுக்குள்ள இன்னொரு தபா நறுக்கிப் பாரு" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினார்.

கார்த்திக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனாலும் தன் காதின் மேல் அவனுக்கு நம்பிக்கை இருந்தது. ஹெட்போனை மாட்டிக்கொண்டு குறையைத் தேடினான். அடியில் கரண்டு ரீங்காரம் ஒன்று இழைந்துகொண்டிருந்தது, வெட்டினான். அதற்கு மேலே பானைக்குள் பேசுவது போல ஒரு கும்மல், இறக்கினான். குச்சி தோலில் படும் இடத்தைத் தேடிப் பிடித்துக் கொஞ்சம் ஏற்றினான்.

ஐந்தாவது தடவை பம்பை எழுந்து நின்றது. அவன் தலை தானாக ஆடியது, கால் தாளம் போட்டது. நான் செய்ததா இது! பெருமையில் அவனுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது.

கீரை முறம் சறுக்கி வந்து அவன் காலில் மோதியது. திரும்பினான். பாஞ்சாலி கூந்தல் அவிழ்ந்து, உடம்பு நடுங்க, நடுக்கூடத்தில் நின்றுகொண்டிருந்தாள்.

அவன் எல்லாவற்றையும் உதறிவிட்டு ஓடினான். "இந்தச் சத்தந்தாண்டா எனக்கு வேணும்!" என்று அவள் அலறினாள். "எம் புள்ள கையால வேணும்! எவன்டா அத தடுக்கறது?"

பக்கத்து வீட்டு ராணியம்மாள் வேப்பிலையோடு ஓடி வந்தாள். பாதி டீயை வைத்துவிட்டு ஓடி வந்த வேதகிரி நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். "தடுக்கலம்மா, தடுக்கல! பெருநகருக்கு அவனே எடுத்துக்கினு போவட்டும், தாயி!"

கற்பூரம் ஏற்றினார்கள். பாஞ்சாலி தளர்ந்து உட்கார்ந்தாள்.

"கொழாயாண்ட வரிக்கும் கேட்டுச்சு. எனக்கே புல்லரிச்சிப் போச்சு" என்றாள் ராணியம்மாள்.

"கொழாயாண்டயா? டீக்கடை வரிக்கும் கேட்டுச்சும்மே! இன்னா தெளிவு! எம் புள்ள ஆச்சே!" வேதகிரிக்கு நெஞ்சு விம்மியது. பந்தயத்தில் தோற்றவர் போலவே தெரியவில்லை. ஊருக்கெல்லாம் சொல்ல அப்போதே வெளியே போனார். ராணியம்மாளும் பின்னாலேயே போனாள்.

ஜெயித்த சத்தத்தை இன்னொரு முறை கேட்க ஆசைப்பட்டுக் கார்த்திக் பம்பையை ஓடவிட்டான்.

ஸ்பீக்கர் வாய் திறக்கவில்லை.

தரையில் கிடந்த ஹெட்போனை எடுத்தான். அதற்குள் பம்பை முழங்கிக்கொண்டிருந்தது. அதன் ஒயர் ஸ்பீக்கரின் முகப்பில் இன்னும் குத்தியபடியே இருந்தது. அது குத்தியிருக்கும்வரை ஸ்பீக்கர் ஊமை என்பது அவனுக்குத் தெரியாதா? இவ்வளவு நேரமும் அந்தப் பம்பை அவன் இரண்டு காதைத் தவிர யாருக்குமே கேட்டிருக்காது.

"அம்மா..." என்று திரும்பினான்.

பாஞ்சாலி சிந்திய கீரையைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

"கத்தாதடா. நீ தலைய ஆட்டிக்கினு இருந்தியே, அதப் பாத்ததே எனக்குப் போதும்" என்றாள். பிறகு வாசலை ஒரு தரம் எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"நைனா கிட்ட சொல்லிடாத. கோயில்ல எறங்குறது ஆத்தா. இந்த வூட்ல ரெண்டு தபாவும் எறங்குனது நானு."