நானூற்றேழு

மணி மூன்றே முக்கால். நான்கு மணிக்கு முதலாளி வந்து பார்க்கப்போகிற புரோகிராமை, ஏழாவது முறையாக 407 என்று திருப்பி அனுப்புகிறது ப்ராக்ஸி சர்வர். பேரும் பாஸ்வேர்டும் சரியாக இருந்தால்தான் அது இணையத்துக்குள் விடும். “பாஸ்வேர்டை மாத்திப்போட்டீங்களாங்க?” என்கிறாள் சுகந்தி. சர்வரைப் பார்த்துக்கொள்ளும் தம்பிதுரை எதிர்மேசையில் டீயை ஊதுகிறான். “நான் ஏனுங்க மாத்தறேன்? உங்க புரோகிராமைப் பாருங்க அம்மணி.” ஒவ்வொரு ‘ங்க’விலும் முள். ஜன்னலுக்கு வெளியே, அவன் தினமும் துடைத்துத் துடைத்து நிறுத்தும் மொபெட் பீளமேட்டு வெயிலில் மின்னுகிறது. தன் பேரை அழித்துவிட்டு அவன் பேரை அடிக்கிறாள். பாஸ்வேர்டுக்கு அந்த வண்டி நம்பர். திரையில் பக்கம் வரிவரியாக இறங்குகிறது. “புரோகிராம் நல்லாத்தானுங்க இருக்குது,” என்கிறாள், திரும்பாமலே. டீ ஊதும் சத்தம் நின்றுபோகிறது.