ஆணி அடிக்க முடியாத வீடு

"இந்த டகோட்டாக் குளிர்ல என் பொண்டாட்டிக்கு மூச்சு முட்டுது, நெட்டி. செவுத்துல ஒரே ஒரு ஹீட்டர் மாட்டிக்கிறேன்," என்று கெஞ்சினார் ஆர்வில்.

"நூத்தைம்பது வருஷத்து மரவீடு இது. ஒரு ஆணிகூட அடிக்கக் கூடாது," என்றார் அந்த அமெரிக்கச் சிற்றூரில் பழைய வீடுகளைப் பாதுகாக்கும் பாரம்பரியக் குழுவின் தலைவி நெட்டி.

விற்றுவிட்டுப் போகலாமென்றால், இப்படிப்பட்ட வீட்டை வாங்க ஆளில்லை. அந்தப் பழைய வீட்டைப் பார்க்க வாசலில் சுற்றுலாப் பேருந்து வந்து நின்றது. ஆர்வில் பொறுமையிழந்தார்.

"இது பழைய வீடே இல்ல! எங்கப்பா கட்டினது. சின்னப் பையனா இருந்தப்ப நான்தான் மரத்துக்கெல்லாம் பட்டை உரிச்சேன். இப்பவே வெளிய போய்ச் சொல்றேன்!"

நெட்டி நிதானமாகக் கதவைச் சாத்தினார்.

"சொல்லிப் பாரு. ஊர்ல ஒருத்தரும் உன் பக்கம் நிக்க மாட்டாங்க. பஸ்ஸு வரலேன்னா இங்க எவன் வீட்டுல அடுப்பெரியும்? என்னமோ உனக்கு மட்டுந்தான் தெரியும்கிற மாதிரி பேசுற! அந்த மரத்துக்கெல்லாம் மறுமுனையில உக்காந்து பட்டை உரிச்சது யாரு? நான்தானே!"