கழுவிய குடம்

திருப்போரூர் பத்திரப்பதிவு அலுவலகத்துக்கு எதிரே, பத்திரம் எழுதும் துர்காதேவியின் கீபோர்டுக்குப் பக்கத்தில் அந்தக் குறுநாவல் கவிழ்ந்து கிடக்கிறது. பழைய புத்தகம், எண்பதே பக்கம். நேற்று படித்து முடித்ததை இன்று காலையில் மறுபடி எடுத்துவிட்டாள். தாய்வீட்டில் தன் பாகத்தை விட்டுக்கொடுக்கிற ஒருத்தியின் கதை. அவள் அழுதாள் என்று ஆசிரியர் எங்கும் சொல்லவில்லை. கழுவிய குடத்தையே அவள் திரும்பத் திரும்பக் கழுவுகிறாள், அவ்வளவுதான். பாவி மனுஷன், ஒரே வரியில் எப்படி முடித்துவிட்டார். துர்காதேவியின் தொழிலில் ஒன்றைச் சொல்ல ஒன்பது வார்த்தை வேண்டும். பிரிண்டரிலிருந்து, சொத்தில் பாகத்தை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம் சூடாக வந்து விழுகிறது. ‘எவருடைய தூண்டுதலும் நிர்ப்பந்தமும் இன்றி, என் முழு மனதுடன்...’ எதிர் நாற்காலியில் ரேணுகா உட்கார்ந்திருக்கிறாள். அவள் அண்ணன் ஜெகதீசன் பேனாவைத் திறந்து நீட்டுகிறான். “போடு ரேணு. உள்ள டோக்கன் கூப்ட்டுகினு கீறாங்க.” ரேணுகாவின் முகத்தில் ஒன்றுமே இல்லை. இன்னும் மை படாத கட்டைவிரலை முந்தானையில் துடைக்கிறாள். மறுபடி துடைக்கிறாள். அதையே பார்த்துக்கொண்டிருக்கிறாள் துர்காதேவி. இத்தனை வருஷத்தில் இப்படி எத்தனை விரல்களைப் பார்க்காமல் விட்டோமோ. பத்திரத்தைத் தன் பக்கம் இழுத்து, அதன்மேல் புத்தகத்தை வைக்கிறாள். “அண்ணாத்த, நீ போயி ஒரு டீ சாப்ட்டு வா. நான் இதுங்கிட்ட தனியா ஒண்ணு கேக்கணும்.” முந்தானைக்குள் கட்டைவிரல் நிற்கிறது.