பாதிக் கூடு

தூக்கணாங்குருவிகளில் ஆண் பாதிக் கூட்டைக் கட்டிவிட்டுக் காத்திருக்கும். பெண் வந்து பார்த்துச் சரி என்றால்தான் மீதியைக் கட்டும். அன்று ஒருத்தி அப்படி இரண்டு கூடுகளைப் பார்க்க வந்தாள். அவளுடைய முதலீடெல்லாம் இனி இடப்போகும் மூன்று முட்டைகள்தான். மேற்கே வானம் கறுத்துக்கொண்டு வந்தது.

"உள்ளே வந்து பாருங்க அம்மணி," என்றான் ஈச்சமரத்துக்காரன். "ரெண்டு அறை, களிமண் பூச்சு. எந்தக் காற்றுக்கும் அசையாது."

"காற்றடிச்சுப் பார்த்திருக்கியா?"

"நேத்துதானே கட்டினேன்."

அவள் அடுத்த மரத்துக்குப் பறந்தாள்.

கருவேலமரத்துக்காரனின் கூடு கொஞ்சம் கோணல். கீழே கிணற்றில் இன்னொரு கூடு மிதந்தது.

"அது யாருது?"

"என்னுதுதான்," என்றான் அவன், முகத்தைத் திருப்பிக்கொண்டு. "போன காற்றில் முடிச்சு நழுவிடுச்சு. இதுக்கு மூணு சுற்று போட்டிருக்கேன். நிக்குமான்னு கேட்டா, தெரியாது."

அவள் கிணற்றை இன்னொரு முறை எட்டிப் பார்த்தாள். ஆனாலும் அந்தக் கூட்டுக்குள் போய் உட்கார்ந்தாள். காற்று வந்து கிளையைப் பிடித்து உலுக்கியது.

"வெளியே வந்துடுங்க. விழுந்துடப்போகுது."

"விழுந்தா நான் பறந்துடுவேன்," என்றாள் அவள், நாரை இறுகப் பற்றிக்கொண்டு. "நாளைக்கு இதுக்குள்ள இருக்கப்போறது பறக்காது."