துப்பாக்கிக்குச் சந்தனம்

அது ஆயுத பூஜையன்றா, மறுநாளா என்று பூங்கோதைக்கு இப்போது உறுதியாகச் சொல்லத் தெரியவில்லை. காட்டுப்பன்றி விரட்ட வைத்திருந்த துப்பாக்கியை அவள் கணவன் நல்லசிவம் கதவில்லாத பூஜையறையில் சாமி படங்களின் முன் சாய்த்து வைத்திருந்தான். நான்கு வயது மகள் யாழினி அதற்குச் சந்தனம் வைத்துக்கொண்டிருந்தாள். கட்டையில் வைத்தாள், விசையில் வைத்தாள். பிறகு குழலின் வாயில் கண்ணை ஒட்டி, "உள்ள இருட்டா இருக்குப்பா" என்றாள். உறவினர்கள் சிரித்துப் படமெடுத்தார்கள்.

"ஏனுங்க, தோட்டாவை எடுத்துட்டீங்கதானே?"

"வெறும் துப்பாக்கிக்கு யாராச்சும் பூசை போடுவாங்களா?"

"எடுத்துப் பீரோவுல வெச்சுப் பூட்டுங்க."

"சாமியவிடப் பெரிய பூட்டு எந்தக் கடையில விக்குது, சொல்லு, வாங்கியாறேன்."

எல்லோரும் மறுபடி சிரித்தார்கள். திறந்த வாய்களில் சுண்டல் மசிந்துகொண்டிருந்தது. பூங்கோதை மகளைத் தூக்கிக்கொண்டு போய் அந்த விரல்களைத் தேய்த்துக் கழுவினாள். சந்தனம் போன பிறகும், குழந்தை அழுத பிறகும் கழுவினாள்.

யாழினி இப்போது அம்மாவோடு திருப்பூரில் படிக்கிறாள். நல்லசிவம் மறுமணம் செய்துகொண்டான். புது மனைவிக்குப் பிறந்த பையன் தவழ ஆரம்பித்துவிட்டான். அந்தப் பூஜையறைக்கு இன்னும் கதவு வைக்கவில்லை.