ஈரத்துண்டு

தாமோதரனின் இதய ரத்தக்குழாயில் ஸ்டென்ட் வைத்து எட்டு மாதம் ஆகிறது. தினமும் காலையில் பரிசோதனைக்கு ஒரு சொட்டு ரத்தம் கொடுப்பார். குழாய் மறுபடி சுருங்குமா என்ற முடிவு மனைவி வசுமதியின் போனுக்கு மட்டும்தான் வரும். நோயாளியிடம் சொல்லக்கூடாது என்பது மருத்துவமனை விதி.

அதனால் தினமும் ஈரத்துண்டை மெத்தைமேல் போட்டுவைப்பார். அவள் திட்டினால் நல்ல செய்தி. பேசாமல் எடுத்துக் காயப்போட்டால் கெட்ட செய்தி.

இன்று சமையலறையில் போன் ஒலித்தது. பாத்திரம் கழுவும் சத்தம் நின்றது. பிறகு அங்கிருந்தே வசுமதியின் குரல் வந்தது.

"ஏங்க, இன்னிக்கும் துண்டை மெத்தைமேல போட்டாச்சா? எருமைமாட்டுக்குச் சொல்லியிருந்தாகூட இந்நேரம் திருந்தியிருக்கும்."

துண்டு இன்னும் அவர் தோளில்தான் இருந்தது.

தாமோதரன் களைப்புடன் எழுந்தார். அவள் வருவதற்குள் அதை மெத்தைமேல் போட்டார்.

"மறந்துட்டேன் வசு," என்றார்.